யாரங்கே என்று யூனிக்ஸ் கூப்பிடும்போது

சேலத்தில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் பலரிடம் இருப்பது விண்டோஸ் போட்ட ஒரே ஒரு லேப்டாப். அதை அழித்துவிட்டு யூனிக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தைப் போட்டுப் பார் என்றால் வீட்டில் விடமாட்டார்கள். அதற்குத்தான் விர்ச்சுவல் மெஷின்: இருக்கும் கணினிக்குள்ளேயே மென்பொருள் நடித்துக்காட்டும் இன்னொரு கணினி. இலவசமாகக் கிடைக்கும் விர்ச்சுவல்பாக்ஸை இறக்கி, அதற்குள் ஃப்ரீபிஎஸ்டியை நிறுவிக்கொள்ளலாம். 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸின் பெர்க்லி பல்கலைக்கழக வழியில் வந்தது அது. முதல் வெளியீடு 1993. விண்டோஸ் அதுபாட்டுக்கு இருக்கும்.

ஆனால் ஒரு சிக்கல். மொத்த மெஷினும் தன் கையில் என்ற நினைப்பில் எழுதப்பட்டதுதான் எந்த இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலும். இங்கேயோ விண்டோஸ் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது.

எடப்பாடிப் பக்கம் விடிய விடிய நடக்கும் கூத்தைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பாட்டு, ஆட்டம் எல்லாம் ராஜா வேஷம் கட்டியவரே பார்த்துக்கொள்வார். ‘யாரங்கே’ என்று குரல் கொடுத்தால் கட்டியங்காரன் ஓடி வருவான். கர்னலும் அப்படித்தான். கூட்டல், கழித்தல், ஒப்பிடல் போன்ற சாதாரணக் கட்டளைகளை உண்மையான ப்ராசஸரே நேரடியாக ஓட்டுகிறது. நடுவில் யாரும் இல்லை. வேகம் அவ்வளவாகக் குறையாததற்கு அதுதான் காரணம். டிஸ்கில் எழுது, நெட்வொர்க் கார்டைத் தொடு என்று வரும்போது மட்டும் ப்ராசஸர் நின்று, விர்ச்சுவல் மெஷினை நடத்தும் மென்பொருளான ஹைப்பர்வைசரைக் கூப்பிடும். அது வேலையை முடித்து, பதிலையும் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

வில்லங்கமான கட்டளை ஒவ்வொன்றும் இப்படி ஹைப்பர்வைசரிடம் சிக்கியாக வேண்டும் என்று 1974-லேயே போபெக், கோல்ட்பர்க் என்ற கணினி அறிஞர்கள் இருவரும் இலக்கணம் வகுத்துவிட்டார்கள். இன்டெல் ப்ராசஸர்கள் அதற்கு அடங்கவில்லை. பாப்எஃப் என்றொரு கட்டளை. இன்டரப்டை, அதாவது கீபோர்டு, டிஸ்க் போன்றவை ப்ராசஸரை இடைமறிக்கும் அழைப்பை, நிறுத்தவும் திறக்கவும் அதனால் முடியும். அதிகாரம் இல்லாத இடத்திலிருந்து (விர்ச்சுவல் மெஷினுக்குள் கர்னலுக்கு அந்த இடம்தான்) அதைக் கொடுத்தால், அந்த ஒரு பகுதியை மட்டும் சத்தமில்லாமல் விட்டுவிட்டு அடுத்த கட்டளைக்குப் போய்விடும். பிழையும் காட்டாது, யாரையும் கூப்பிடவும் கூப்பிடாது. இன்டரப்ட் நின்றுவிட்டது என்று கர்னல் நம்பிக்கொண்டிருக்கும்; அது நின்றிருக்காது. 1999-இல் விஎம்வேர் என்ற நிறுவனம், கர்னலின் கட்டளைகளை ஓட்டுவதற்கு முன்பே படித்து, தொல்லை தருபவற்றை மாற்றி எழுதிச் சமாளித்தது. அசாத்தியமான வேலை அது. 2005-இல் இன்டெல் இதற்கான வசதியைச் சிப்பிலேயே வைத்தது. அடுத்த ஆண்டு ஏஎம்டியும் வைத்தது. மெஷின் கிளம்பும்போது முதலில் ஓடும் பயாஸில் அந்த வசதி மூடியிருந்தால் விர்ச்சுவல்பாக்ஸ் பட்டியலில் 64-பிட் இயங்குதளங்கள் வராமல் போகலாம். அப்போது ஐஎஸ்ஓவை (நிறுவல் கோப்பை) மறுபடி இறக்கிப் பயனில்லை.

சரி, நிறுவுவோம். ரேம் 1 ஜிபி, டிஸ்க் 20 ஜிபி. அந்த டிஸ்க் விண்டோஸுக்கு வெறும் ஒரு கோப்பு. தொடக்கத்தில் சிறியதாக இருக்கும், எழுத எழுத வளரும், உள்ளே அழித்தால் தானாகச் சுருங்காது. நிறுவல் திரை கீபோர்டு, கணினிப் பெயர் எல்லாம் கேட்டுவிட்டு, டிஸ்கில் கோப்புகளை அடுக்கும் முறை இசட்எஃப்எஸ்ஸா, யூஎஃப்எஸ்ஸா என்று கேட்கும். இசட்எஃப்எஸ் நல்லதுதான், ஆனால் ரேம் தின்னும். 4 ஜிபி லேப்டாப்புக்கு யூஎஃப்எஸ் போதும்.

நெட்வொர்க் பகுதிக்கு வந்ததும் நடிப்பு பளிச்சென்று தெரியும். சேலம் ஐந்து ரோடு பக்கம் ஏதோ ஒரு அறையில் வைஃபையில் ஓடும் லேப்டாப் அது. ஃப்ரீபிஎஸ்டி காட்டுவதோ இஎம்0, அதாவது கம்பி செருகும் இன்டெல் கார்டு. அப்படி ஒரு கார்டு அந்த லேப்டாப்பில் கிடையவே கிடையாது. அந்தக் கார்டு எந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லுமோ அதையே ஹைப்பர்வைசர் சொல்லிக்கொண்டிருக்கிறது. முகவரி 10.0.2.15 என்று வரும். ஏற்காட்டில் இன்னொருவர் நிறுவினாலும் அதேதான் வரும். ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனியாக ஒரு குட்டி நெட்வொர்க் என்பதால் மோதிக்கொள்ளாது.

இவை தவிர, முழு அதிகாரம் உள்ள ரூட் கணக்கின் பாஸ்வேர்டு, நேர மண்டலம், பயனர் கணக்கு. ரீபூட் செய்ததும் மறுபடி நிறுவல் திரையே வந்தால் பயப்பட வேண்டாம். ஐஎஸ்ஓ இன்னும் டிவிடி டிரைவில் இருக்கிறது, எடுத்துவிடுங்கள்.

இவ்வளவு நடிப்புக்கும் ஃப்ரீபிஎஸ்டி ஏமாறுகிறதா? இல்லை. பயாஸ் தரும் மெஷின் விவரத்தை அது படிக்கிறது. அதில் மெஷினின் பெயரே விர்ச்சுவல்பாக்ஸ் என்று இருக்கும். தயாரித்தவர் இன்னோடெக் என்றும் இருக்கும். அந்த ஜெர்மன் நிறுவனத்தை 2008-இல் சன் வாங்கி, 2010-இல் சன்னையே ஆரக்கிள் வாங்கிய பிறகும் அந்தப் பெயர் அப்படியே தொடர்ந்தது. விர்ச்சுவல் மெஷின் என்று தெரிந்ததும் கர்னல் தன் கடிகாரத் துடிப்பை நொடிக்கு 1000-இலிருந்து 100 ஆகக் குறைத்துக்கொள்ளும். துடிப்புக்குத் துடிப்பு ஹைப்பர்வைசரை எழுப்பினால் ப்ராசஸர் வீணாகச் சூடாகும். சித்திரை மாதச் சேலத்து மதியத்தில் லேப்டாப் ஃபேன் ஏற்கெனவே கத்திக்கொண்டுதான் இருக்கும்.