குறுக்குப் பாதையில் ஒரு தேடல்

தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து ஹட்டன் பஸ் பிடிக்கக் குறுக்குப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தேன். கல் படிகள், ஓரத்தில் தண்ணீர் ஓடும் கான், முதல் நாள் மழையில் ஊறிய செம்மண். நடந்தபடியே போனில் 'நுவரெலியா ரயில் நேரம்' என்று தேடினேன். மூன்று தடவை தப்பாக அடித்தேன். முடிவுகள் வந்த பிறகும் ஒன்றும் விளங்கவில்லை.

தப்பாக அடித்ததற்கு விரலைக் குறை சொல்லிப் பயனில்லை. எழுத்துகளைக் கூர்மையாகப் படிக்கும் பகுதி நம் பார்வையின் நடுவில் ஏறக்குறைய 2 பாகைதான். கையை நீட்டினால் கட்டைவிரல் நகத்தின் அகலம். நடக்கும்போது தலை ஆடிக்கொண்டே இருக்கும். தலை திரும்பிய சுமார் 10 மில்லிவிநாடியில் உட்காதின் சமநிலை உறுப்பு கண்ணை எதிர்ப்பக்கம் நகர்த்திவிடும். அதனால்தான் நாம் நடந்தாலும் எதிரே இருக்கும் மலை ஆடுவதில்லை. போன் அப்படியில்லை. அது முகத்துக்குப் பக்கத்தில், கையோடு சேர்ந்து தனியாக ஆடுகிறது. கையின் ஆட்டம் காதுக்குத் தெரியாது. தமிழில் அடிப்பவர்களுக்குச் சிரமம் இன்னும் கூடும்: 'நுவரெலியா' என்ற 5 எழுத்துக்கு, உயிர்க்குறியைத் தனியாகத் தட்டும் விசைப்பலகையில் 9 தட்டுகள் வேண்டும்.

சரி, எழுத்துப் பிழையைத் தேடுபொறியே பெரும்பாலும் திருத்திவிடும். உண்மையான இழப்பு அதற்கு அப்புறம்தான் நடக்கிறது.

கரடுமுரடான தரையில் நடப்பவரின் கண், ஏறக்குறைய இரண்டு எட்டுக்கு அப்பால் கால் வைக்கும் இடத்தைத் தேடிக்கொண்டே இருக்கும். ஆகவே போனைப் பார்ப்பது துண்டு துண்டாகிவிடுகிறது. ஹெல்சிங்கி நகரத் தெருக்களில் நடந்து 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நடமாட்டத்தில் இருந்தவர்களின் கவனம் போன் திரையில் தொடர்ந்து நின்றது 4 முதல் 8 விநாடிதான். ஒரு பக்கம் திறக்கக் காத்திருக்கும் நேரத்திலேயே எட்டுத் தடவை வரை கண்ணை எடுத்திருக்கிறார்கள். அது நகரத்துத் தெரு. மலை மறைவில் சிக்னல் குறைந்து, பக்கம் ஊர்ந்து வரும் நம் தோட்டப் பாதையை நினைத்துப் பாருங்கள்!

தேடுவதென்றால் என்ன கேட்டோம், எதைப் படித்தோம், எது பொருந்தவில்லை என்று மூன்றையும் ஒரே நேரத்தில் மனதில் பிடித்திருக்க வேண்டும். மூளையின் இந்தத் தற்காலிக நினைவில் மூன்று நான்கு விடயங்களுக்குத்தான் இடம். வழுக்கும் படி ஒன்று குறுக்கே வந்தால் மூளை அதற்கே இடம் கொடுக்கும், கொடுக்கவும் வேண்டும். திரும்பவும் திரையைப் பார்க்கும்போது படித்த வரி நினைவில் இராது. மறுபடி முதலிலிருந்து படிப்போம், அல்லது முதலில் கண்ணில் பட்டதைத் தட்டிவிடுவோம். இதைச் சோம்பல் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

எனக்கும் அதுதான் நடந்தது. நுவரெலியா டவுனில் ரயில் நிலையம் கிடையாது, இறங்க வேண்டியது நானுஓயாவில். சிறுவயதிலிருந்தே எனக்குத் தெரிந்த விடயம். ஆனாலும் தேடும் சொல்லை மாற்ற வேண்டும் என்று படிக்கட்டில் தோன்றவே இல்லை. பஸ் தரிப்பிடத்தில் பையை இறக்கி வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தபோது, 'நானுஓயா' என்ற சொல் இரண்டாவது வரியிலேயே இருந்தது.