கழுத்தில் கோடாக ஒரு புண்: ஆசிட் பூச்சியின் வேலை

சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போது கழுத்தில் சுரீரென்று எரியும். கண்ணாடியில் பார்த்தால் சூடு போட்டதுபோல் இரண்டு அங்குல நீளத்துக்குச் சிவந்த கோடு. மறுநாள் அதன்மேல் சிறு கொப்புளங்கள், நடுவில் வெளிறிய சீழ்ப்புள்ளிகள். மழைக்காலத்திலும் நெல் அறுவடையை ஒட்டியும் இப்படித் தோல் மருத்துவரிடம் வருகிறவர்கள் சொல்லும் காரணங்கள் மாறுவதே இல்லை: பூரான் ஊர்ந்திருக்கும், பல்லி மூத்திரம் பட்டிருக்கும், எட்டுக்கால் பூச்சி நக்கியிருக்கும். சிலர் அதற்குள் அக்கி எழுதிக்கொண்டு காவிப் பூச்சோடு வந்து நிற்பார்கள்.

பூரானும் பல்லியும் பாவம். இது பீடெரஸ் என்ற பேரினத்து வண்டின் வேலை. பேச்சுவழக்கில் ஆசிட் பூச்சி. நம் வயல்களில் காணப்படும் இனம் 7 முதல் 10 மி.மீ. நீளம், ஏறக்குறைய 1 மி.மீ. அகலம். பார்த்தால் எறும்பு என்றுதான் தோன்றும். தலை கருப்பு, கழுத்துப்பகுதி ஆரஞ்சு, அடுத்து நீலப்பச்சை மினுமினுப்பு, மறுபடி ஆரஞ்சு, வால்நுனி கருப்பு. அந்த மினுமினுப்புப் பட்டைதான் முன்சிறகு. வயிற்றை மூடாத குட்டைச் சட்டைபோல் இருக்கும். பறப்பதற்கான சிறகு அதனடியில் மடிந்து கிடக்கும். சீண்டினால் தேள்போல வாலைத் தூக்கும். கொட்டப்போகிறது என்று பயப்பட வேண்டாம், அதற்குக் கொடுக்கே கிடையாது.

நஞ்சு அதன் உடல்நீரில் இருக்கிறது. பெயர் பெடெரின். பூச்சி சும்மா ஊர்ந்துவிட்டுப் போனால் ஒன்றும் ஆகாது. நசுங்கினால்தான் நஞ்சு தோலில் படும். தூக்கத்தில் கழுத்தில் ஏதோ ஊர்கிறது, கை தானாகத் தட்டித் தேய்க்கிறது. தேய்த்த திசையில்தான் கோடு விழும். முழங்கை மடிப்பில் நசுங்கியிருந்தால், மடக்கும்போது ஒட்டும் இரண்டு பக்கத்திலும் அச்சுப் பதித்ததுபோல் ஒரே மாதிரிப் புண் வரும். இந்த ஜோடிப் புண்ணைப் பார்த்தாலே நோய் இன்னதென்று பாதி தெரிந்துவிடும்.

ஆசிட் பட்டால் உடனே எரியும். பெடெரின் அப்படியல்ல. செல்லுக்குள் புரதம் உருவாவதையும் செல் பிரிவதையும் அது தடுக்கிறது; தோல் சேதம் வெளியே தெரியப் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் ஆகும், கொப்புளம் வர 48 மணி நேரம்கூட ஆகலாம். நடுராத்திரியில் தட்டிய பூச்சி அதற்குள் மறந்துபோயிருக்கும். பழி நேற்றுச் சாப்பிட்ட கருவாட்டின்மேல் விழும்.

இன்னொரு வேடிக்கை, இந்த நஞ்சை வண்டு தானாகத் தயாரிப்பதில்லை. பெண் வண்டுக்குள் குடியிருக்கும், சூடோமோனாஸ் வகையைச் சேர்ந்த ஒரு பாக்டீரியாதான் தயாரிக்கிறது. அதற்கான மரபணுத் தொகுதி 2002இல் அடையாளம் காணப்பட்டது. தாய் அந்த நஞ்சை முட்டையோடு சேர்த்துக் கொடுப்பதால், ஓநாய்ச் சிலந்திகள் அதிலிருந்து பொரியும் புழுவைத் தின்னாமல் விட்டுவிடுகின்றன. ஆண் வண்டிடம் இருப்பது பெரும்பாலும் தாய் கொடுத்த மிச்சம்தான். பெடெரினின் மூலக்கூறு அமைப்பை அறிய அந்தக் காலத்து வேதியியலாளர்கள் இரண்டரைக் கோடி வண்டுகளைப் பிடித்துச் சாறெடுத்தார்கள்!

அக்கியோடு குழப்பிக்கொள்வதுதான் பெரிய சிக்கல். அக்கியில் பெரும்பாலும் வலி முதலில் வரும், இரண்டு மூன்று நாள் கழித்தே கொப்புளம் கொத்துக்கொத்தாக எழும். ஒரு நரம்பின் பாதையில், உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும். நடுக்கோட்டைத் தாண்டுவது அரிது. பூச்சிப் புண் எந்தக் கோணத்திலும் ஓடும், நடுக்கோட்டைத் தாண்டும், துணி மூடாத இடத்தில்தான் பெரும்பாலும் வரும். அக்கிக்கு வைரஸ் மருந்தை முதல் மூன்று நாளுக்குள் தொடங்குவது நல்லது என்பதால், சந்தேகம் இருந்தால் காத்திருக்கக் கூடாது.

பூச்சி நசுங்கியது தெரிந்தால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள், தேய்க்காமல். கையையும் கழுவ வேண்டும். அதை மறந்து கண்ணைக் கசக்குகிறவர்களுக்குத்தான் மறுநாள் இமை வீங்கிக் கண் திறக்க முடியாமல் போகிறது. அப்படியானால் சுத்தமான தண்ணீரால் 15 நிமிடம் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் போங்கள். வீட்டில் மிச்சம் கிடக்கும் சொட்டு மருந்தை விட வேண்டாம். தலையணை உறை, சட்டையையும் துவைத்துவிடுங்கள்.

கோடு வந்தபின் குளிர்ந்த ஈரத்துணி ஒற்றடம் எரிச்சலைக் குறைக்கும். சுண்ணாம்பு, பற்பசை, எலுமிச்சைச் சாறு எதுவும் வேண்டாம்; வெந்த தோலை அவை மேலும் வேகவைக்கும். மருத்துவர் சில நாளுக்கு ஸ்டீராய்டு களிம்பு தருவார், சீழ்த்தொற்று சேர்ந்திருந்தால் ஆன்டிபயாட்டிக்கும் தருவார். மெடிக்கலில் கேட்டு வாங்கும் மூன்று மருந்து கலந்த க்ரீமை முகத்தில் தடவாதீர்கள்: அதிலுள்ள வீரியமான ஸ்டீராய்டு தோலை மெலியவைக்கும். ஒவ்வாமை மாத்திரை அரிப்பைச் சற்றுக் குறைக்கும், புண்ணை ஆற்றாது, ஏனென்றால் இது ஒவ்வாமையே அல்ல. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றவும் செய்யாது. ஒன்று முதல் மூன்று வாரத்தில் ஆறும். கருப்புத் தழும்பு மறைய மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை அந்த இடத்தில் வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் சீக்கிரம் மங்கும்.

இந்த வண்டு வயலில் விவசாயிக்கு நண்பன். புகையான், தத்துப்பூச்சி, இலைச்சுருட்டுப்புழு எல்லாம் அதன் தீனி. அறுவடையானதும் ஒதுங்க இடமின்றி வெளிச்சத்தைத் தேடி வருகிறது. வெள்ளை ட்யூப்லைட் என்றால் அதிகமாகவே வரும். இருட்டத் தொடங்கும்போதே ஜன்னலைச் சாத்துங்கள். வாசல் விளக்கை மஞ்சள் எல்இடியாக மாற்றுங்கள். ட்யூப்லைட்டுக்கு நேர்கீழே கட்டில் வேண்டாம். கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கடியில் செருகிவிட்டுப் படுங்கள். பூச்சி மருந்து அடித்தால் செத்து மெத்தைமேலேயே விழும், செத்துக் காய்ந்த பூச்சியிலும் நஞ்சு இருக்கும். மேலே ஊர்வதைப் பார்த்துவிட்டால் ஒரு ஊது ஊதுங்கள். போகாவிட்டால் ஒரு காகிதத்தை நீட்டுங்கள், அதுவே ஏறிக்கொள்ளும்.