கரப்பான் வந்த குழந்தைக்கு எதையெல்லாம் நிறுத்துவது?

14 மாதப் பெண் குழந்தை. அம்மாவின் தோளில் படுத்தபடி முழங்கை மடிப்பைச் சொறிந்துகொண்டே இருந்தாள். கன்னம் இரண்டும் சிவந்து நீர் வடிந்து காய்ந்திருந்தது. எடை 7.2 கிலோ. இந்த வயதுக்குச் சராசரி 9 கிலோவுக்கு மேல்.

அம்மா ஒரு கோடு போட்ட நோட்டை என் மேஜையில் விரித்தார். ஏழாம் மாதம், பாலும் தயிரும் நிறுத்தம். எட்டாம் மாதம் கோதுமை. ஒன்பதில் முட்டை. பத்தில் பருப்பு, உளுந்து, நிலக்கடலை. பதினொன்றில் கத்தரிக்காய், தக்காளி, வாழைப்பழம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் யார் சொல்லி நிறுத்தினார் என்றும் குறித்திருந்தார். கத்தரிக்காய் கரப்பான் பண்டம் என்று பாட்டி சொன்னது. கோதுமையும் பருப்பும் ஒரு ரத்தப் பரிசோதனைத் தாள் சொன்னது. தாய்ப்பால் கொடுப்பதால் அவரும் அதே பத்தியத்தில் இருந்தார். குழந்தைக்கு மிஞ்சியது தாய்ப்பால், அரிசிக் கஞ்சி, கேரட், உருளைக்கிழங்கு.

"சாப்பிடறதுல ஏதோ ஒண்ணு ஒத்துக்கலை டாக்டர். அது எதுன்னு மட்டும் சொல்லிடுங்க, அதையும் நிறுத்திடறேன்."

கரப்பான் என்று வரும் பெற்றோரில் பெரும்பாலானவர்கள் என்னிடம் கேட்பது இதைத்தான். அந்தத் தாயின் உழைப்பில் ஒரு குறையும் கிடையாது. ஏழு மாதம் தன் வாயையும் கட்டிக்கொண்டு பார்த்திருக்கிறார். ஆனால் தேடிய இடம் வேறு.

கரப்பான் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி எக்ஸிமா, மருத்துவப் பெயரில் அடோபிக் டெர்மடைட்டிஸ். அதன் தொடக்கம் தோலில். மேல்தோலை இறுக்கமாகப் பின்னிவைக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தை உருவாக்கும் மரபணுவில் பிழை இருந்தால் எக்ஸிமா வரும் வாய்ப்பு கூடுகிறது என்று 2006-ல் கண்டறிந்தார்கள். எக்ஸிமா உள்ள எல்லாருக்கும் அந்தப் பிழை இருப்பதில்லை. ஆனால் தோல் என்ற சுவர் பலவீனமாக இருப்பது எல்லாருக்கும் பொது. ஈரம் வெளியே போகிறது, வேண்டாததெல்லாம் உள்ளே வருகிறது. வியர்வை, சோப்பு, தூசி, கம்பளி, கிருமி என்று எது பட்டாலும் கொதிக்கிறது. இப்படிப்பட்ட தோலை அப்படியே விட்டுவிட்டுத் தட்டிலிருந்து ஒவ்வொரு உணவாக எடுத்தால் தட்டுதான் காலியாகும்.

அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி உணவைப் பற்றியதல்ல. "உடம்புக்குப் பூசுற க்ரீம் கொண்டு வந்திருக்கீங்களாம்மா?" பையிலிருந்து 50 கிராம் ட்யூப் ஒன்றை எடுத்தார். வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது, பாதிகூடத் தீரவில்லை. உடம்பு முழுக்கப் பரவிய குழந்தைக்கு வாரத்துக்கே 250 கிராம் வரை மாய்ஸ்சரைசர் தேவைப்படும். ஸ்டீராய்டு களிம்பும் எழுதிக் கொடுத்திருந்தார்கள், பயந்து திறக்கவே இல்லை. பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம் வரும். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்கு அது போதும். சரியான வீரியத்தில், சரியான நாட்களுக்கு, மருத்துவர் கண்காணிப்பில் பூசினால் அது குழந்தையைக் காப்பாற்றும் மருந்து. பயந்து பொட்டு வைப்பதுபோல் தொட்டு வைத்தால் பலன் இருக்காது. பலன் இல்லாதபோது சந்தேகம் மறுபடி சாப்பாட்டின் மேல் போய்விடும்.

அடுத்த கேள்வி, குளியல். வாரம் இரண்டு முறை எண்ணெய் தேய்த்து, கடலை மாவும் பயத்தமாவும் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். கன்னத்தில் பாலாடை. இங்கேதான் என் மனசு கனத்தது. வாய்க்குள் போகக் கூடாது என்று ஒளித்துவைத்த பாலும் பருப்பும் வெடித்த தோலின் வழியே உள்ளே போய்க்கொண்டிருந்தன.

இது வெறும் ஊகம் அல்ல. ஓர் உணவை உடம்பு முதலில் வாய் வழியாகச் சந்தித்தால் அதைப் பழகிக்கொள்ளப் பார்க்கிறது, புண்ணான தோல் வழியாகச் சந்தித்தால் பகையாளி என்று குறித்துக்கொள்ளப் பார்க்கிறது. நிலக்கடலை எண்ணெய் கலந்த க்ரீம்களைத் தடிப்புள்ள தோலில் பூசிய குழந்தைகளிடம் நிலக்கடலை ஒவ்வாமை அதிகம் இருந்ததை 2003-ல் ஒரு பிரிட்டன் ஆய்வு காட்டியது. ஜப்பானில் கோதுமைப் புரதம் சேர்த்த முகச் சோப்பு ஒன்றைப் பயன்படுத்திய 2,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு, அதுவரை நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த கோதுமையே ஒவ்வாமல் போனது. நல்ல தோலுள்ள குழந்தைக்குப் பயத்தமாவு போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கரப்பான் உள்ள தோலில் எந்த உணவுப்பொருளையும் தேய்க்காதீர்கள். தேங்காய் எண்ணெயைக் கேட்பார்கள். நல்ல சுத்தமான தேங்காய் எண்ணெய் லேசான கரப்பானுக்கு உதவுவதுண்டு, ஆனால் அது மட்டுமே போதாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. லண்டனில் நடந்து 2015-ல் வெளிவந்த லீப் ஆய்வில், கடுமையான எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 கைக்குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஐந்து வயது வரை நிலக்கடலையை அடியோடு தவிர்த்தவர்களில் சுமார் 17 சதவீதத்தினருக்கு அந்த ஒவ்வாமை வந்தது. தொடர்ந்து சாப்பிட்டு வந்தவர்களில் சுமார் 3 சதவீதம்தான். கைக்குழந்தைக்கு முழுக்கடலை தொண்டையில் சிக்கிக்கொள்ளும், வாயில் கரையும் கடலைத் தின்பண்டமாகவோ குழைந்த கடலை வெண்ணெயாகவோதான் கொடுத்தார்கள். காரணமில்லாமல் நிறுத்தும் பத்தியம் இல்லாத ஒவ்வாமையை உண்டாக்கிவிடலாம் என்ற பயம் எனக்கு இருப்பது இதனால்தான். கரப்பானுக்காகப் பல மாதம் பாலை நிறுத்திவிட்டு மறுபடி கொடுத்தபோது மூச்சு இளைத்து, உடம்பெல்லாம் தடித்து அவசரப் பிரிவுக்கு வந்த குழந்தைகள் உண்டு. நிறுத்துவதற்கு முன்னால் அந்தக் குழந்தைகளுக்குப் பால் குடித்துக் கரப்பான் மட்டும்தான் இருந்தது.

அந்த ரத்தப் பரிசோதனைத் தாளையும் பார்த்தேன். தொண்ணூற்றுச் சொச்சம் உணவுகள், பச்சை, மஞ்சள், சிவப்பு. அது ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் பரிசோதனை. இந்த உணவை இந்த உடம்பு பார்த்திருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. தினமும் சாப்பிடுவதுதான் சிவப்பில் வரும். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து இதைச் செய்துகொள்ளாதீர்கள். உடனடி ஒவ்வாமையோடு தொடர்புள்ள எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் ஐஜிஇ பரிசோதனை வேறு, அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் அதுவும் பாசிட்டிவ் என்றால் நோய் என்று அர்த்தமில்லை. எக்ஸிமா குழந்தைகளுக்குப் பல உணவுகளில் பாசிட்டிவ் வரும், அதையே எந்தக் கோளாறும் இல்லாமல் சாப்பிடவும் செய்வார்கள். சாப்பிட்டபோது என்ன நடந்தது என்ற கதைதான் முதல் பரிசோதனை.

அந்தக் கதையைக் கேட்டபோது நோட்டில் ஒரே ஒரு வரிக்குத்தான் உயிர் இருந்தது. ஒன்பதாம் மாதம் அவித்த மஞ்சள் கரு கொடுத்திருக்கிறார்கள். இருபது நிமிடத்தில் உதடு வீங்கி, இரண்டு முறை வாந்தி. அது உண்மையான ஒவ்வாமை. மற்றவற்றுக்கு அப்படி எதுவுமே இல்லை.

இரண்டு வாரம் தோலுக்கு மட்டும் வைத்தியம் பார்த்தோம். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து பத்து நிமிடக் குளியல், ஒற்றித் துடைத்து ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர், சிவந்த இடங்களில் அளவாகக் களிம்பு, கன்னத்துப் புண்ணுக்கு ஆன்டிபயாடிக். எடை பயமுறுத்தியதால் பருப்பும் வாழைப்பழமும் தக்காளியும் அன்றைக்கே திரும்பின. முன்பு சாப்பிட்டு ஒன்றும் ஆகாதவை அவை. பதினைந்தாம் நாள் வந்தபோது அம்மா சொன்னது: "ராத்திரி ஒரு தடவைதான் எழுந்தா டாக்டர்."

பாலுக்கு மட்டும் அவசரப்படவில்லை. ஐஜிஇ லேசாகப் பாசிட்டிவ், நிறுத்தியும் ஏழு மாதம் ஆகிவிட்டது. அதனால் வார்டில் வைத்துக் கொடுத்தோம். கடும் ஒவ்வாமை வந்தால் உடனே போடும் அட்ரினலின் ஊசி தயாராக இருந்தது. முதலில் உதட்டில் ஒரு துளி, பிறகு 1 மில்லி, 3, 10, 30, 100 என்று அரைமணிக்கு ஒரு முறை. ருசி மறந்துபோய் முகத்தைச் சுளித்தாளே தவிர ஒரு தடிப்பும் வரவில்லை. கடைசி வாய்க்குப் பிறகு இரண்டு மணி நேரம் வைத்திருந்து அனுப்பினோம். கரப்பான் தாமதமாகவும் கூடலாம் என்பதால் அடுத்த இரண்டு நாள் தோலைப் பார்க்கச் சொன்னேன், மாற்றமில்லை. பால் கொடுத்த அன்று மாலையே அந்த அம்மா கேன்டீனில் ஒரு டீ வாங்கிக் குடித்தார். ஏழு மாதத்துக்குப் பிறகு முதல் டீ.

அப்படியானால் உணவை நிறுத்திப் பார்ப்பதே தவறா? இல்லை. தோல் வைத்தியத்தை ஒழுங்காகச் செய்தும் அடங்காத, நடுத்தரமான அல்லது கடுமையான கரப்பான் உள்ள கைக்குழந்தைகளில் சிலருக்கு உணவும் காரணமாக இருக்கும். ஏழு மாத ஆண் குழந்தை ஒருவன், புட்டிப்பால் குடிப்பவன், மலத்தில் சளியும் ரத்தக் கீற்றும் வேறு. பசும்பால் புரதத்தை நிறுத்திய மூன்றாம் வாரத்தில் தோலின் சிவப்பு அடங்கியது. நாலாம் வாரம் மருத்துவமனையிலேயே மறுபடி கொடுத்தோம், இரண்டு நாளில் கரப்பான் திரும்பியது. அப்போதுதான் பால்தான் காரணம் என்று எழுதினேன். அந்த இரண்டாவது பாதியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். கரப்பான் தானாகவே ஏறி இறங்கும் நோய். நிறுத்தியபோது குறைந்தது என்பதை மட்டும் வைத்து எந்த உணவையும் குற்றவாளியாக்க முடியாது. ஒரு நேரத்தில் ஒரே உணவு, இரண்டு முதல் நான்கு வாரம், முடியும் தேதி முதலிலேயே குறித்துவைத்து, மருத்துவருக்குத் தெரிந்து மட்டும் செய்யுங்கள்.

நிறுத்தினால் ஈடு என்ன என்பதும் அதே நாளில் முடிவாக வேண்டும். பசும்பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு ஆட்டுப்பால் கொடுக்கிறார்கள். இரண்டின் புரதமும் ஏறக்குறைய ஒன்று, பெரும்பாலான குழந்தைகளுக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது. பாதாம் பாலும் அரிசிப் பாலும் பாலே அல்ல, அவற்றை நம்பிப் புரதக் குறைவால் உடம்பு வீங்கிய குழந்தைகள் வெளிநாட்டிலும் உண்டு. கேழ்வரகில் கால்சியம் நன்றாக இருக்கிறது, ஆனால் கைக்குழந்தைக்கு அது பாலின் இடத்தை முழுதாக நிரப்பாது. பிஸ்கட், ரொட்டி வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். பால், முட்டை, நிலக்கடலை, சோயா, கோதுமை போன்றவை இருந்தால் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்று நம் நாட்டு விதி இருக்கிறது.

ஏதாவது சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் உதடோ கண்ணோ வீங்கினாலும், குரல் கம்மினாலும், மூச்சு இழுத்தாலும், குழந்தை துவண்டுபோனாலும் அது கரப்பான் அல்ல. வீட்டு வைத்தியம் பார்க்காமல் 108-ஐ அழையுங்கள்.

நான்கு மாதம் கழித்து அவள் 9 கிலோவைத் தொட்டாள். முழங்கை மடிப்பில் இன்னும் அவ்வப்போது சிவக்கிறது, சிவந்தால் என்ன செய்வதென்று அம்மாவுக்குத் தெரியும். நோட்டில் அடிக்காமல் இருப்பது முட்டை மட்டும். அதற்கு அடுத்த பரிசோதனை இரண்டு வயதில். தேதியை அவரே எழுதிக்கொண்டார்.