கிளியின் பின்பக்கம்

எங்கள் பாளையங்கோட்டை வீட்டுக் கூடத்தில், மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில், அத்தை தைத்த கிளி ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தது. வெள்ளை கேஸ்மென்ட் துணி, ஒரு கொப்பு, கொப்பில் கிளி, அதன் மூக்குக்கு நேராக ஒரு பழம். கல்யாணத்துக்கு முன்பு தையல் வகுப்புக்குப் போனபோது தைத்தது. அந்தக் காலத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படும்படி இப்படி ஏதாவது ஒன்று எல்லார் வீட்டுக் கூடத்திலும் தொங்கும்.

போன வருஷம் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் படத்தைக் கழற்றி வைத்தபோது எனக்கும் தம்பிக்கும் ஒரு சின்னச் சண்டை. சிறு வயதில் நான் பார்த்தது பச்சைக் கிளி, கண்ணைப் பறிக்கிற பச்சை. தம்பியோ, "அது எப்பவுமே நீலக் கிளிதான், பச்சையா இருந்ததே கிடையாது" என்று ஒரே பிடியாக நின்றான். பழத்தில் மட்டும் எங்களுக்குள் சண்டை இல்லை. அது கொய்யா. வீட்டில் எல்லாரும் 'கொய்யாக் கிளி' என்றுதான் சொல்வோம்.

சட்டத்தின் பின்னாலிருந்த ஆணிகளைப் பிடுங்கி, அட்டையை எடுத்து, துணியைத் திருப்பிப் பார்த்தோம். பின்பக்கம் கிளி பச்சையாக இருந்தது. பழம் நல்ல சிவப்பு!

பின்பக்கம் வெளிச்சமே பட்டதில்லை. அத்தை ஊசியைக் குத்தி எடுத்த அன்று நூலில் என்ன நிறம் இருந்ததோ, அதில் பெரும்பகுதி அங்கே அப்படியே நிற்கிறது.

நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த அறிவியல் தெரியாததல்ல. சட்டையில் சாம்பாரின் மஞ்சள் கறை பட்டுவிட்டால், சோப்புப் போட்டுத் தேய்த்த பிறகு "வெயிலில் காயப் போடு, போயிடும்" என்பார்கள். போய்விடும். மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் மூலக்கூறு வெயிலைத் தாங்காது. எந்தச் சாயத்தின் நிறமும் அதன் மூலக்கூறில் ஒன்று விட்டு ஒன்றாக வரும் இரட்டைப் பிணைப்புகளின் சங்கிலியிலிருந்து வருகிறது. அந்தச் சங்கிலியில் இருக்கும் எலக்ட்ரான்கள் வெளிச்சத்தில் ஒரு பகுதியை விழுங்கிக்கொள்ளும். மிச்சம் திரும்பி வருவதுதான் நாம் பார்க்கும் நிறம். விழுங்கிய ஆற்றல் பெரும்பாலும் வெப்பமாகப் போய்விடும். எப்போதாவது ஒருமுறை அது பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனைக் கிளப்பிவிட, ஆக்சிஜன் சங்கிலியின் ஒரு கண்ணியை அறுத்துவிடும். அறுந்த மூலக்கூறு துணியிலேயேதான் இருக்கும். நிறம் மட்டும் இருக்காது.

இதில் காற்றுக்கும் ஈரத்துக்கும் பங்கு உண்டு என்பது ரொம்பப் பழைய கண்டுபிடிப்பு. 1888-இல் இங்கிலாந்தில் ரஸ்ஸல், ஆப்னி என்ற இருவர் நீர்வண்ணங்களை வெயிலில் வைத்து வெளுக்கவிட்டு ஒரு விரிவான அறிக்கை கொடுத்தார்கள். சாதாரணக் காற்றில் வெளுத்த பல வண்ணங்கள், காற்றை உறிஞ்சி எடுத்த குழாய்க்குள் கிட்டத்தட்ட மாறாமல் நின்றன.

கண்ணாடி போட்டிருக்கிறதே, அது காப்பாற்றாதா? ஓரளவுக்குத்தான். சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிர்களில் கடுமையான பகுதியை நிறுத்தும், மென்மையான பகுதியை விட்டுவிடும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் முழுதாக உள்ளே வரும். அதுவும் சாயத்தை வெளுக்கும். அருங்காட்சியகங்களில் பழந்துணிகள் இருக்கும் அறை ஏன் அவ்வளவு இருட்டு என்று நீங்கள் எரிச்சல்பட்டிருக்கலாம். துணிக்கும் காகிதத்துக்கும் அங்கே வழக்கமான வரம்பு 50 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு). ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வருஷம் 365 நாளும் விளக்கு எரிந்தால் 1,46,000 லக்ஸ்-மணி. உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். அதாவது அருங்காட்சியகம் ஒரு வருஷத்தில் காட்டுகிற வெளிச்சத்தை நம் வெயில் ஒன்றரை மணி நேரத்தில் கொட்டிவிடும். எங்கள் கூடத்தில் விழுந்தது சாயங்காலச் சாய்வெயில்தான். இருந்தாலும் ஐம்பது வருஷத்துக்கும் மேலாக விழுந்திருக்கிறதே.

எல்லாச் சாயமும் ஒரே வேகத்தில் வெளுப்பதில்லை. இதை அளக்க நீலக் கம்பளித் துண்டுகள் எட்டு கொண்ட ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். முதல் துண்டு சீக்கிரம் வெளுக்கும். அடுத்தடுத்த துண்டு ஒவ்வொன்றும் முந்தையதைப் போலச் சுமார் இரண்டு மடங்கு தாங்கும். எங்கள் கிளி நீலமானதன் கதை இங்கேதான் இருக்கிறது. பச்சையை மஞ்சளும் நீலமும் கலந்து எடுப்பது சாயக்காரர்களின் பழைய வழக்கம். மஞ்சள் முதலில் ஓடிவிட்டால் நீலம் தனியாக நிற்கும். ஐரோப்பாவின் பழைய சித்திரத் திரைச்சீலைகளில் மரத்து இலையெல்லாம் நீலமாக இருப்பதற்கும் இதுதான் காரணம். நெய்தவர்கள் நீலத்தின் மேல் வெல்ட் என்ற செடியின் மஞ்சளை ஏற்றிப் பச்சையாக்கியிருந்தார்கள். அந்தச் சீலைகளையும் திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் பச்சை இருக்கும்.

ஆக, தம்பி சொன்னது பொய்யில்லை. நான் 1971-இல் பிறந்தவன், 1984-இல் விடுதிக்குப் போய்விட்டேன். அவன் பிறந்ததே 1981-இல். அவனுக்கு விவரம் தெரிந்து அண்ணாந்து பார்த்தபோது அது நீலக் கிளியாகத்தான் இருந்திருக்கும். ஒரே ஆணியில் தொங்கிய ஒரே படம்தான், நாங்கள் பார்த்த கிளிகள் வேறு வேறு.

சரி, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு பின்பக்கத்தை ஜன்னலோரம் எடுத்துப் போய் நன்றாகப் பார்த்தேன். என் பச்சை அங்கே இல்லை. நூலில் இருந்தது கொஞ்சம் மங்கலான, வேப்பிலைக்குப் பக்கத்தில் வரும் ஒரு பச்சை. என் ஞாபகத்தில் இருந்தது பளீரென்ற கிளிப்பச்சை.

வெளுத்தது துணி மட்டும்தானா? என் தலைக்குள் இருந்த கிளியும் நிறம் மாறியிருந்தது, ஆனால் எதிர்த் திசையில். ஞாபகத்தில் நிறங்கள் கூடும் என்பது ஆய்வாளர்களுக்குப் பழகிய விஷயம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நிறத்தைக் காட்டி மறைத்துவிட்டு நினைவிலிருந்து எடுக்கச் சொன்னபோது, ஆட்கள் அந்த நிறவகையின் 'நல்ல எடுத்துக்காட்டு' பக்கமாகவே சாய்ந்தார்கள். இடைப்பட்ட நீலத்தைப் பார்த்தவர்கள் அசல் நீலத்தை நோக்கிப் போனார்கள். மூளை நுண்ணிய சாயலைச் சேமிக்கச் சிரமப்பட்டு, "பச்சை" என்று ஒரு சீட்டும் ஒட்டி வைக்கிறது. திரும்ப எடுக்கும்போது சீட்டும் சேர்ந்தே பேசும். தமிழில் அந்தச் சீட்டு இன்னும் வலுவானது என்று எனக்குப் படுகிறது. கிளி என்றாலே கிளிப்பச்சை. பறவையின் பெயரையே நிறத்துக்கு வைத்திருக்கும் மொழியில் வளர்ந்தவன் ஒரு வேப்பிலைக் கிளியை எப்படி ஞாபகம் வைத்திருப்பான்?

தினமும் பார்த்த படமாயிற்றே என்று கேட்கலாம். தினமும் பார்ப்பதால் பெரிய பயன் இல்லை. 2015-இல் கலிபோர்னியாவில் 85 மாணவர்களை ஆப்பிள் நிறுவனத்தின் சின்னத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். பிசகில்லாமல் வரைந்தவர் ஒரே ஒருவர். எந்தப் பக்கம் கடித்திருக்கிறது, இலை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதெல்லாம் அன்றாடத்துக்குத் தேவைப்படுவதில்லை, அதனால் பதிவதும் இல்லை. எங்கள் கிளி எந்தப் பக்கம் பார்த்தது என்பதில்கூட அம்மா தடுமாறினாள். அதே சுவரில் பல்லி எங்கே குடியிருந்தது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

பழத்துக்கு வருகிறேன். என்னைத் தொந்தரவு செய்தது அதுதான். அவ்வளவு சிவப்பான பழத்தை நாங்கள் யாருமே எப்படிக் கொய்யா என்று நம்பினோம்? என் கணக்கு இது. சீக்கிரம் வெளுக்கும் சாயங்கள் தொடக்கத்தில்தான் வேகமாக இழக்கும், பிறகு மெதுவாகும். அந்தச் சிவப்பு, நான் விவரத்துக்கு வரும் முன்பே மங்கி ஒரு வெளிறிய நிறத்துக்கு வந்திருக்க வேண்டும். அதைப் பார்த்து யாரோ கொய்யா என்றிருக்கிறார்கள். பெயர் வந்த பிறகு வேலையைப் பெயரே பார்த்துக்கொண்டது. 1932-இல் அமெரிக்காவில் செய்த ஒரு சோதனை இதற்குப் பொருந்தும். இரண்டு வட்டத்தை ஒரு கோடு இணைக்கும் படத்தைக் காட்டி, சிலரிடம் மூக்குக் கண்ணாடி என்றும் சிலரிடம் பளு தூக்கும் டம்பெல் என்றும் சொன்னார்கள். நினைவிலிருந்து வரைந்தபோது முதல் கூட்டத்தின் படங்கள் கண்ணாடிப் பக்கமும் மற்றவர்களுடையது டம்பெல் பக்கமும் வளைந்தன. நானும் அந்தப் பழத்தில், இல்லாத ஒரு காய்ப்பச்சையைப் பார்த்தே வளர்ந்திருக்கிறேன்.

தம்பி பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அத்தைக்கு அனுப்பினான். இரண்டு நிமிஷத்தில் போன் வந்தது.

"கொய்யாவா? ஏலே, அது கொவ்வப்பழம்லா! கிளி எங்கயாவது பச்சக் கொய்யாவ வச்சுக்கிட்டு உக்காந்திருக்குமா?"

எப்போது தைத்தீர்கள் அத்தை என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. 1972, சித்திரை, உனக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்தது, நூல் கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாய், நான் பிடுங்கினேன், நீ அழுதாய் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள்.

துணியின் கீழ் மூலையில், சட்டம் மறைத்திருந்த இடத்தில், அதே சிவப்பு நூலில் 1969 என்று தைத்திருந்தது.