அசல் வழக்கு என்றால் நகல் வழக்கும் உண்டா?

பாலாற்றில் ஆந்திரா தடுப்பணையை உயர்த்துகிறது என்று பேப்பரில் வரும்போதெல்லாம் எங்கள் தெரு டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்பார்: "ஆறு நம்ம ஊர்ல ஓடுது, கேஸை இன்னாத்துக்கு டெல்லியில போடறாங்க? சத்துவாச்சாரி கோர்ட்ல போட்டா ஆவாதா?" (சத்துவாச்சாரியில்தான் வேலூர் கோர்ட் இருக்கிறது. ஓடுது என்பது பழக்கதோஷம், பாதி வருஷம் மணல்தான்.)

ஆகாது. காரணம், வக்கீல்கள் சொல்லும் 'ஒரிஜினல் ஜூரிஸ்டிக்ஷன்'. தமிழில் இதை ஆளுக்கொரு விதமாக எழுதி வைத்திருக்கிறோம், குழப்பமே அதில்தான்.

ஒரிஜினல், ஜூரிஸ்டிக்ஷன் இரண்டும் லத்தீன் வழி வந்தவை. முதல் சொல்லின் வேர் உதிப்பதைக் குறிக்கும், சூரியன் எழுவதற்கும் அதே வினைதான். இரண்டாவதில் சட்டம், சொல்லுதல் என இரண்டு சொற்கள் ஒட்டியிருக்கின்றன. ஆக, வழக்கு எங்கே முதலில் உதிக்கிறதோ அங்கேயே சட்டம் இன்னதென்று சொல்லும் அதிகாரம். கீழே தோற்றுவிட்டு மேலே போவது மேல்முறையீடு. இது அதற்கு நேர் எதிர்.

கோர்ட் பக்கம் போனவர்களுக்கு 'ஓ.எஸ்.' (ஒரிஜினல் சூட்) தெரியும், பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு எல்லாம் அந்த நம்பரில்தான் ஏறும். தமிழில் அது 'அசல் வழக்கு'. அசல் அரபியிலிருந்து வந்த சொல், வேர் என்று பொருள். ஆனால் நமக்கு அசல் என்றால் ஒரு பக்கம் நகல், இன்னொரு பக்கம் வட்டி, வழக்கின் தொடக்கம் எங்கே ஞாபகத்துக்கு வரப்போகிறது? 'மூல அதிகாரம்' என்று எழுதினால் இன்னும் மோசம், படிப்பவர் டாக்டரிடம் போய்விடுவார்.

பள்ளிப் புத்தகத்தில் 'தனக்கேயுரிய நீதி வரையறை' என்று இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பாதிதான் சரி. அரசமைப்புச் சட்டத்தின் 131-ஆம் பிரிவு, மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும், அல்லது மாநிலங்களுக்குள்ளேயே, அல்லது மத்திய அரசும் சில மாநிலங்களும் ஒரு பக்கம், மற்ற மாநிலங்கள் எதிர்ப்பக்கம் என்று சட்ட உரிமை பற்றித் தகராறு வந்தால் அதை உச்ச நீதிமன்றம் மட்டுமே விசாரிக்கலாம் என்கிறது. வேறு கோர்ட்டுக்கு இடமில்லை என்பதால் அங்கே 'தனக்கேயுரிய' பொருந்துகிறது. ஆனால் 32-ஆம் பிரிவில் அடிப்படை உரிமைக்காக நேராக உச்ச நீதிமன்றம் போகிறோமே, அதுவும் ஒரிஜினல்தான், அதே குறைக்கு 226-ஆம் பிரிவில் உயர் நீதிமன்றமும் போகலாம். அப்புறம் அது எப்படித் தனக்கே உரியதாகும்? முதலாவதாக வருவது வேறு, தனியாக வைத்துக்கொள்வது வேறு.

அதனால் என் ஓட்டு 'முதல் விசாரணை அதிகார வரம்பு' என்பதற்கு. 131-க்கு மட்டும் முன்னால் 'தனியுரிமை' சேர்த்துக்கொள்ளலாம். வரம்பு என்ற சொல்லை விடவே கூடாது, அதுவும் நம்ம வயல் வரப்பும் ஒன்றுதான்.

இந்த ஏற்பாடு 1950-இல் புதிதாக முளைத்ததும் இல்லை. 1935-ஆம் வருஷ இந்திய அரசுச் சட்டத்தின் 204-ஆம் பிரிவே, உச்ச நீதிமன்றத்துக்கு முன்னோடியாக 1937-இல் தொடங்கிய கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு இதைக் கொடுத்திருந்தது. குடியரசான பிறகு மேற்கு வங்கம் நிலக்கரி நிலங்களுக்காக மத்திய அரசின் மேல் வழக்குப் போட்டு, 1962 டிசம்பரில் தோற்றது. தமிழ்நாடு முல்லைப் பெரியாறுக்காகக் கேரளத்தின் மேல் போட்டு 2014-இல் ஜெயித்ததும் இதே வழியில்தான். பாலாற்றுக்கும் அப்படியே: ஆந்திராவில் குப்பம் பக்கம் கணேசபுரத்தில் அணை என்றதும் 2006-இல் ஒன்று, புல்லூர் தடுப்பணையை உயர்த்தியதும் 2016-இல் இன்னொன்று. ஆற்றுநீரை மாநிலங்களுக்குப் பங்கிடுவது மட்டும் இதில் வராது, அதற்கு 1956-ஆம் வருஷ மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்த் தகராறுச் சட்டப்படி நடுவர் மன்றம் தனி.

பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். பாலாற்றங்கரையில் நிலம் இருக்கிறதே, 131-இல் நானே போடலாமா என்றார். முடியாது, வாதியும் பிரதிவாதியும் அரசாக இருக்க வேண்டும் என்றேன். "சரி, தம்பியோட வரப்புத் தகராறு?" அது ஓ.எஸ்., சத்துவாச்சாரியிலேயே போடலாம்.