நடுங்கும் கையைவிட தொண்டையைக் கவனியுங்கள்

பாம்பன், தங்கச்சிமடம், தேவிபட்டினம் என்று எந்த ஊருக்குப் போனாலும், பார்க்கின்சன் நோயாளியின் பிள்ளைகள் வழியனுப்ப வாசல்வரை வந்து, உள்ளே கேட்காதபடி கேட்பது ஒன்றுதான்: "சார், அப்பாவுக்கு நடுக்கம் கூடிக்கிட்டே போகுது. உசுருக்கு ஆபத்தா?"

நடுக்கத்தால் உயிர் போவதில்லை. பிசியோதெரபிஸ்டாக இதை நான் அடித்தே சொல்வேன். நடுக்கமே பெரிதாகத் தெரிபவர்களுக்கு நோய் பெரும்பாலும் மெதுவாகத்தான் முற்றுகிறது. 1960களின் இறுதியில் இந்த நோய்க்கான லெவோடோபா மாத்திரை புழக்கத்துக்கு வந்த பிறகு, நோய் தெரிந்து 15, 20 ஆண்டுகள் வாழ்பவர்கள் நிறைய. ஆயுளைக் குறைப்பவை வேறு: நடையில் தடுமாற்றம், அடிக்கடி விழுவது, விழுங்கச் சிரமம், மறதி, இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிவது.

இவற்றில் வீட்டார் கவனிக்காமல் விடுவது தொண்டையைத்தான். கீழக்கரைப் பக்கம் ஒரு பெரியவருக்கு நடைப்பயிற்சி கொடுக்கப் போயிருந்தேன். மருமகள் கஞ்சி கொண்டுவந்தார். குடிக்கும் முன் தெளிவாக இருந்த குரல், நாலு மிடறு இறங்கியதும் தொண்டையில் தண்ணீர் நிற்பதுபோல் கொளகொளவென்று மாறியது. இருமல் இல்லை. புரை ஏறினால் இருமுவார்கள் என்றுதானே நினைக்கிறோம்? இந்த நோயில் இருமல் வராமலே உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். அப்புறம் காய்ச்சல், சளி, நிமோனியா. பார்க்கின்சன் நோயாளிகளின் இறப்புக்கு முக்கியமான காரணம் இந்த நிமோனியாதான்.

அதனால் கட்டிலில் சாய்த்துவைத்து ஊட்ட வேண்டாம். நிமிர்ந்து உட்காரட்டும், ஒவ்வொரு வாயாக, அவசரமில்லாமல். சாப்பிட்டு அரைமணி நேரமாவது படுக்கக் கூடாது. தண்ணீரும் பருக்கையுமாக இருக்கும் கஞ்சி இவர்களுக்குக் கஷ்டம். நன்றாக மசித்து ஒரே பதமாகக் கொடுங்கள். ராத்திரி படுக்கும் முன் வாயைச் சுத்தம் செய்வதும் நுரையீரலைக் காக்கும். சட்டை தொளதொளத்துப்போகும் அளவுக்கு எடை இறங்கினால், விழுங்கும் பயிற்சி தருபவரிடம் காட்டச் சொல்லி மருத்துவரைக் கேளுங்கள். மீன் இல்லாமல் நம் பக்கம் சாப்பாடு ஏது? சாப்பிடட்டும். ஆனால் புரதம் லெவோடோபா உடம்பில் சேர்வதைத் தடுக்கும் என்பதால், மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள். முள் எடுப்பதை அவரிடம் விடாதீர்கள்.

விழுவதைப் பற்றிக் கொஞ்சம். நேராக நடக்கும்போது விழுவதைவிட, திரும்பும்போதும் நிலைப்படி தாண்டும்போதும் விழுவதே அதிகம் பார்க்கிறேன். கால் தரையோடு ஒட்டியதுபோல் நின்றுவிடும். பின்னாலிருந்து தள்ளினால் குப்புற விழுவார். வாசலுக்கு முன்னால் ஓரடி இடைவெளியில் கலர் டேப்பைக் குறுக்கே ஒட்டிவையுங்கள். கோட்டைத் தாண்டச் சொன்னால் பலருக்குக் கால் நகரும். வலைக் கயிறு, மிதியடி எல்லாம் நடக்கிற வழியில் வேண்டாம். இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டால் மறுபடி அந்த நிமோனியா பயம்தான்.

இல்லாத ஆள் தெரிகிறது என்றால் ஏர்வாடிக்குப் போய் வேண்டிக்கொள்கிறார்கள். அது உங்கள் நம்பிக்கை, நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அன்றைக்கே நரம்பியல் மருத்துவரிடமும் சொல்லுங்கள். சிறுநீர்த் தொற்றாலும், மாத்திரை அளவாலும்கூட அப்படி வரும், சரிசெய்யக் கூடியது.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. பக்கத்துச் சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

வேறு எதற்காகவாவது ஆஸ்பத்திரியில் சேர்த்தால், பார்க்கின்சன் மாத்திரைகளையும் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். திடீரென்று நிறுத்தினால் உடம்பு கட்டையாக விறைத்து, காய்ச்சல் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். வாந்திக்கு ஊசி போட வந்தால், மெட்டோகுளோப்ரமைடு இவருக்கு ஆகாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.