கூட்டமே இல்லாத தீவு கேட்பவர்களுக்கு

டிசம்பர் நெருங்கினால் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இப்படித்தான் இருக்கும்: "அண்ணா, நாங்க பன்னிரண்டு பேர். ஹேவ்லாக் வேண்டாம், ஒரே கூட்டம். ஆள் நடமாட்டம் இல்லாத தீவா, மலை ஏறுற மாதிரி ஒண்ணு சொல்லுங்க." குழுக்களை மலையேற்றத்துக்கு அழைத்துப் போவதுதான் என் தொழில். நான் அந்தமானில் இருக்கும் சேடில் பீக் மலையைச் சொல்வேன். சொன்ன கையோடு ஒன்று கேட்பேன்: "உச்சிக்குப் பக்கத்தில் ஒருவருக்குக் கால் பிசகினால் எப்படிக் கீழே கொண்டுவருவீர்கள்?" பெரும்பாலும் பதில் வராது.

கூட்டம் இல்லை என்றால் கடை இல்லை, பின்னால் வருகிற வேறு குழு இல்லை, கைகொடுக்க ஆளும் இல்லை. அந்த அமைதியைத் தேடித்தான் போகிறோம். அதனால் ஒரு தீவைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது அங்கிருந்து திரும்பி வரும் வழியை. படங்களை அப்புறம்தான் பார்ப்பேன்.

சேடில் பீக் அந்தமான் தீவுகளிலேயே உயரமான இடம், 732 மீட்டர். வட அந்தமானில் திக்லிபூருக்கு அருகே, தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. "இவ்வளவுதானா? கொடைக்கானலே 2,100 மீட்டர் ஆச்சே!" என்பார்கள். கொடைக்கானலுக்குப் பேருந்தே ஏற்றிவிட்டுவிடும். இங்கே கடல் மட்டத்தில் தொடங்குகிறோம், 732 மீட்டரையும் நம் கால்தான் ஏற வேண்டும். பாதை ஒரு வழிக்குச் சுமார் 8 கிலோமீட்டர். முதலில் கடற்கரையை ஒட்டிச் சுலபமாகப் போகும், அப்புறம் காட்டுக்குள் நெட்டுக்குத்தாக ஏறும்.

உயரத்தைவிடப் புழுக்கம்தான் என்னைப் பயமுறுத்துவது. வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும், அந்தக் காட்டில் வியர்வை உலரவே உலராது. ஒருமுறை என் குழுவில் மாரத்தான் ஓடுகிற ஒருவர் வந்திருந்தார். வெறும் தண்ணீரை மட்டுமே குடித்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் ஏறினார். இறங்கும்போது தொடை பிடித்துக்கொண்டது, தலை சுற்றியது. நிழலில் படுக்கவைத்து, சட்டையை நனைத்து விசிறி, ஓ.ஆர்.எஸ். கரைசலை மடக்கு மடக்காகக் கொடுத்து எழுப்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பேச்சு குழறினாலோ ஆள் குழம்பினாலோ அது வெப்பத் தாக்கு. அப்போது வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடம்பை நனைத்துக் குளிரவைத்தபடியே உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பெரிய மருத்துவமனை போர்ட் பிளேரில்தான், 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிய அதே ஊர். சாலை வழியே சுமார் 300 கிலோமீட்டர், ஒரு முழுப் பகல் பயணம்.

அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக்காடு வழியாகப் போகிறது. குறித்த நேரங்களில் மட்டும் வண்டிகளை வரிசையாக, காவலோடு அனுப்புவார்கள். வழியில் நிறுத்துவதும் அந்த மக்களைப் படம் எடுப்பதும் சட்டப்படி குற்றம். 'ஆளில்லாத தீவு' என்று வரைபடத்தில் விரல் வைத்து வட சென்டினலைக் காட்டியவர்களும் உண்டு. அது சென்டினல் பழங்குடி மக்களின் வீடு. தீவைச் சுற்றி 5 கடல் மைல் தூரத்துக்குள் படகே போகக் கூடாது. நமக்குக் கூட்டமில்லாத இடம் வேண்டும் என்பதற்காக இன்னொருவர் வீட்டுக்குள் நுழைய முடியாது.

மாதம் என்று கேட்டால் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. மே மாதத்துக்குப் பிறகு மழையும் அட்டையும் சேர்ந்துகொள்ளும், கடல் கொந்தளித்தால் கப்பலும் படகும் நின்றுவிடும்.

நம் ஊர்க்காரர்கள் அங்கே ஏமாறுவது பொழுதில். கடிகாரம் சென்னை நேரத்தைத்தான் காட்டும், ஆனால் தீவு வெகு கிழக்கே இருக்கிறது. டிசம்பரில் 5 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், காட்டுக்குள் 4 மணிக்கே மங்கல். அதனால் விடிந்ததும் நடக்கத் தொடங்குவோம். 11 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவதுதான் என் குழுவின் விதி. உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்புவோம். அழுதவர்கள் இருக்கிறார்கள். நான் மனம் இளகியதில்லை.

வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் போக வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் நம் பிள்ளைகளை இழந்த பிறகும் இதை வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருப்பது எனக்கு வலிக்கிறது. வழிகாட்டியிடம் தமிழ் எடுபடும் என்று நம்பிப் போகாதீர்கள். தலைநகரில் தமிழ் தாராளமாகக் காதில் விழும், திக்லிபூர்ப் பக்கம் வங்காளம்தான் அதிகம். இந்தி தெரிந்த ஒருவராவது குழுவில் இருக்கட்டும்.

பன்னிரண்டு பேரும் ஏற வேண்டியதில்லை. போன முறை ஏழு பேர் ஏறினோம், ஐந்து பேர் ராஸ், ஸ்மித் தீவுகளை இணைக்கும் மணல்திட்டுக்குப் போனார்கள். ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர், உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலம், நெற்றி விளக்கு. நடையில் மெதுவானவர் முன்னால், நான் கடைசியில். மலையில் கைபேசி சிக்னலை நம்ப முடியாது என்பதால் விடுதிக்காரரிடம் ஏழு பேரின் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். மாலை 4 மணிக்குள் நாங்கள் வராவிட்டால் வனத்துறைச் சோதனைச்சாவடிக்குச் சொல்லிவிடுங்கள் என்றேன். 3:20க்கு வந்து சேர்ந்தபோது அவர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில்தான் நின்றிருந்தார்.